பதினேழு நிரைப் பலகை

பலகையைத் தூக்கும்போது பின்பக்கமாக நடப்பவர் விக்னேஸ்வரன். அவருக்கு எதிர்முகமாக, மறுமுனையைப் பிடித்துக்கொண்டு முன்னோக்கி நடப்பவள் புஷ்பலதா. நடுவில் எட்டடி நீளம், நாலடி அகலம், ஐம்பது கிலோவுக்குக் குறையாத பலகை. ஈப்போவில் உள்ள அந்த உள்ளரங்கத்தில், மேடைக்குப் பின்னால் இருக்கிற ஸ்டோரிலிருந்து அதைக் கொண்டுவந்து தரையில் பொருத்த வேண்டும். வழியில் மூன்று படிகள். தள்ளுவண்டி அந்தப் படியில் இறங்காது. அதனால் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் இருநூற்று நான்கு பலகைகளும் கையால்தான் வரவேண்டும்; ஆட்டம் முடிந்ததும் கையால்தான் போகவேண்டும்.

கிந்தா பாந்தர்ஸ் என்ற கூடைப்பந்துக் குழுவின் தரை அது. குழு பெரிய குழு இல்லை. சம்பளம் கொடுத்து ஆடவைக்கிற குழுக்களில் அடிவரிசை. ஆடுகிறவர்களில் பாதிப் பேர் பகலில் கைப்பேசிக் கடையிலோ காப்புறுதி ஆபீசிலோ வேலை பார்க்கிற சீனப் பையன்கள். செனகல் நாட்டிலிருந்து வந்த நெட்டையன் ஒருவன். ஈப்போவிலேயே சிலிபின் பக்கத்திலிருந்து பவித்ரன் என்று நம் பையன் ஒருவன். அரங்கமும் அவர்களுடையது இல்லை. திங்கள் புதன் பூப்பந்து, சனிக்கிழமை கல்யாண விருந்து, நடுவில் கிடைக்கிற நாளில் பாந்தர்ஸ். அதனால்தான் தரையைப் போடுவதும் எடுப்பதும். கல்யாணம் முடிந்த மறுநாள் பலகையைப் போட்டால் ஆடுகிறவர்களின் வேர்வையோடு பிரியாணி வாசமும் சேர்ந்து வரும்.

எட்டுப் பேர், நாலு ஜோடி. ஒரு ஜோடிக்கு ஐம்பத்தோரு பலகை. புஷ்பலதாவும் விக்னேஸ்வரனும் ஒன்பது வருஷமாக ஒரே ஜோடி.

அந்த வேலையில் ஒரு சட்டம் உண்டு. பலகை கையில் இருக்கும்போது வழிப்பேச்சைத் தவிர வேறு பேச்சு கூடாது. முதல் வருஷத்தில் மாயாண்டி என்பவர் நாலு நம்பர் லாட்டரிக்குத் தன் கனவில் வந்த நம்பரைப் பற்றிச் சொல்லிக்கொண்டே நடந்து, பலகையைத் தன் காலில் போட்டுக்கொண்டார். கட்டைவிரல் நகம் போயிற்று. நம்பரும் வரவில்லை. அதற்குப் பிறகு யாரும் வாய் திறப்பதில்லை. முன்னோக்கி நடப்பவர்தான் பின்பக்கமாக நடப்பவருக்குக் கண். "வலது", "இடது", "தூண்", "படி", "இறக்கலாம்." ஒன்பது வருஷத்தில் புஷ்பலதா விக்னேஸ்வரனிடம் சொன்ன சொற்களை எண்ணிப் பார்த்தால் பெரும்பகுதி இந்த ஐந்துதான்.

ஆனால் பார்த்தது அதிகம். எட்டடி தூரத்தில் ஒரு முகத்தை வைத்துக்கொண்டு வேறு எங்கே பார்ப்பது? பாரம் ஏறினால் அவருடைய இடது புருவம் மட்டும் தூக்கும். சவரம் செய்யாமல் வந்தால் தெலுக் இந்தானில் கட்டிக்கொடுத்த மகள் வீட்டில் ஏதோ மனத்தாங்கல் என்று அர்த்தம். மனைவி இறந்து ஏழு வருஷம். அந்த வருஷம் அவர் சட்டைகளில் பொத்தான் ஒவ்வொன்றாக உதிர்ந்து, பிறகு ஒருநாள் எல்லாப் பொத்தானும் வேறு வேறு நூலில் தைக்கப்பட்டிருந்தன. தானே தைத்திருக்கிறார். அதைப் பார்த்த அன்று புஷ்பலதாவுக்கு ராத்திரிச் சோறு இறங்கவில்லை.

எல்லாரும் அவரை 'விக்கி அண்ணே' என்பார்கள். அவளைவிட வயதில் சின்னவர்களும் அப்படித்தான், பெரியவர்களும் அப்படித்தான். அவள் மட்டும் எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அண்ணே என்று சொல்ல வாய் வரவில்லை. வேறு எப்படிச் சொல்வது என்றும் தெரியவில்லை. கூப்பிட வேண்டிய நேரத்தில் பக்கத்தில் போய் நிற்பாள். அவர் திரும்பிப் பார்ப்பார்.

நாற்பத்து நாலு வயது அவளுக்கு. சுங்காய் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவள். ரப்பரை வெட்டிச் செம்பனை போட்டபோது குடும்பம் ஈப்போவுக்கு வந்தது. இடைநிலைப்பள்ளியில் முதல் பாரத்தோடு படிப்பு நின்றது. கையுறைத் தொழிற்சாலை, பிறகு அரங்கத்தில் கூட்டித் துடைக்கிற வேலை. கல்யாணப் பேச்சு இரண்டு தடவை வந்து இரண்டு தடவையும் தானாகவே ஓய்ந்தது. அண்ணன் சதாசிவம் வீட்டில், சிலிபினில், பின்பக்கத்து அறை அவளுடையது.

துடைக்க வந்தவள் பலகை தூக்க வந்தது ஒரு கோளாறினால். பாந்தர்ஸ் அந்தத் தரையைப் பழையதாக வாங்கினார்கள். பலகைகளின் அடியில் இருந்த எண்கள் பாதிக்கு மேல் தேய்ந்துபோயிருந்தன. முதல் சில ஆட்டங்களில் எது எங்கே என்று தெரியாமல் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பார்கள். ஒருநாள் ஏழு மணிநேரம் ஆயிற்று. ஆட்டக்காரர்கள் சட்டை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்க, நடுவட்டம் முட்டை மாதிரி நெளிந்து கிடந்தது. ஒரு ஆள் கோபித்துக்கொண்டு போய்விட்டார். ஓரமாக மாப் வைத்துக்கொண்டு நின்ற புஷ்பலதா மெல்ல வந்து, விக்னேஸ்வரன் பக்கத்தில் நின்று, "அது அஞ்சாம் நிரை" என்றாள்.

தோட்டத்தில் மரவரிசையை நிரை என்பார்கள். அவளுக்கு வரிசை என்றால் அதுதான். பதினேழு நிரை, நிரைக்குப் பன்னிரண்டு பலகை. யாரும் கேட்காமலே அவள் எல்லாவற்றையும் பார்த்து மனசில் வைத்திருந்தாள். ரசப் பானை சுட்ட வட்டம் உள்ளது நாலாம் நிரை ஏழு. யாரோ ஒரு ஆட்டக்காரனின் பல் பதிந்தது பதினொன்றில் இரண்டு. மஞ்சள் கறை கடைசி நிரை ஓரம். ஒன்பதாம் நிரையில் நாலாவது, செத்த பலகை. பந்து அதில் பட்டால் எழும்பாது, சோம்பேறி மாதிரி படுக்கும். பவித்ரன் அதைச் சுற்றிப் போவான். வெளியூர்க்காரர்கள் அதில் பந்தைத் தட்டிவிட்டு, பந்து எங்கே என்று பார்ப்பார்கள்.

"ரப்பர் மரத்துல செஞ்ச பலகைதான் இது," என்று விக்னேஸ்வரன் சொல்வார், கை காலியாக இருக்கிற நேரத்தில். "ஒங்க அம்மா சீவுன மரமா இருக்கும் புஷ்பா. அதான் ஒனக்கு மட்டும் ஊர் பேரு எல்லாம் சொல்லுது."

அவள் சிரிப்பை மறைக்க மாப் வாளியைப் பார்ப்பாள்.

இந்த வருஷம் சீனப் பெருநாள் முடிந்த வாரம், மேனேஜர் லியூ எல்லாரையும் அரங்கத்தில் கூப்பிட்டு நிறுத்தினார். குழுவைத் தெற்கே, தூரத்து மூவாரில் ஒரு முதலாளி வாங்கிவிட்டார். பெயர், சட்டை, பலகை எல்லாம் அங்கே போகிறது. ஆட்டக்காரர்களில் விருப்பப்பட்டவர்கள் போகலாம். தரை வேலைக்கு விக்கி வருகிறார், அவரோடு தூக்க இன்னொரு ஆளுக்கும் சம்பளம் உண்டு, அந்த ஆள் யார் என்று விக்கியே வெள்ளிக்கிழமைக்குள் சொல்லட்டும். மலாயில் சொல்லிவிட்டு, எல்லாருக்கும் தே பொங்குஸ் வாங்கித் தரச் சொல்லிவிட்டுப் போனார். பிளாஸ்டிக் பையில் தேநீரை உறிஞ்சிக்கொண்டு ஆளாளுக்கு மூவார் எவ்வளவு தூரம், எத்தனை மணிநேரம் என்று பேசினார்கள். விக்னேஸ்வரன் சுற்றிலும் பார்த்தார். புஷ்பலதா இருக்கும் பக்கம் வந்ததும் பார்வை நின்றது, பிறகு நகர்ந்தது.

அன்றிலிருந்து அவள் காத்திருந்தாள். அவர் கேட்பார். கேட்டால் போவாள். வீட்டில் என்ன சொல்வார்கள், எங்கே தங்குவாள், அதெல்லாம் பிறகு. கேட்கவேண்டும், அவ்வளவுதான். செவ்வாய் போனது, புதன் போனது. அவர் மாயாண்டியிடம் பேசினார், பவித்ரனிடம் பேசினார், வாசலில் கச்சான் பூத்தே கடலை விற்கிறவரிடம்கூட நின்று பேசினார்.

வியாழக்கிழமை ஆட்டத்துக்காகத் தரை போட்டார்கள். பன்னிரண்டாம் நிரை, மூன்றாவது பலகை. ஸ்டோர் வாசலைத் தாண்டி மேடை ஓரம் வந்தாயிற்று. விக்னேஸ்வரனுடைய இடது புருவம் தூக்கியிருந்தது. ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக, பலகை கையில் இருக்கும்போது அவர் வாய் திறந்தார்.

"மூவாருக்கு நீயும் வாரியா?"

அவருடைய குதிகால் படியின் விளிம்பிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருந்தது.

"படி," என்றாள் புஷ்பலதா.

அவர் காலால் துழாவி இறங்கினார். ஒன்று. இரண்டு. மூன்று. அதற்குப் பிறகு தூண் வந்தது, தூண் என்றாள். வலது என்றாள். இறக்கலாம் என்றாள். பலகையை இறக்கி, ஆணியைப் பொருத்தி நிமிர்ந்தபோது விக்னேஸ்வரன் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, "சரி," என்றார்.

எதற்குச் சரி என்று அவள் யோசிப்பதற்குள் அடுத்த ஜோடி பின்னால் வந்து நின்று, வழி விடச் சொல்லிச் சத்தம் போட்டது. அவர் திரும்பி மேடையைப் பார்த்து நடந்தார். அவர்கள் பங்குக்கு இன்னும் பதினைந்து பலகைக்கு மேல் இருந்தன. ஒவ்வொன்றைத் தூக்கும்போதும் அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் அவளுடைய தோளுக்குப் பின்னால் எங்கோ பார்த்தார்.

கேட்ட கேள்விக்குப் பதில் வராவிட்டால் அதுவே பதில் என்று எடுத்துக்கொள்கிற மனுஷர் அவர். விட்டுப்போன கேள்வியைத் தானே எடுத்து, 'அன்னைக்குக் கேட்டீங்களே' என்று போய் நிற்க அவளுக்குக் கால் வரவில்லை. அதோடு இன்னொரு சந்தேகமும் இருந்தது. அவர் கேட்டது பலகைக்கு ஆளா? அல்லது வேறா? பலகைக்குத்தான் என்றால், போய் நின்று வழிகிற மாதிரி ஆகிவிடாதா?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் லியூ அவளைக் கூப்பிட்டார். தூக்குவதற்கு மூவாரிலேயே ஆள் எடுத்துக்கொள்ளலாம் என்று விக்கி சொல்லிவிட்டாராம். ஆனால் அந்த ஊர்ப் பையன்களுக்குப் பலகை எது எங்கே என்று தெரியாது. அதனால் புஷ்பா ஒவ்வொரு பலகைக்கு அடியிலும் வெள்ளைப் பெயிண்டில் நிரையும் இடமும் எழுதித் தரவேண்டும். கடைசி ஆட்டத்துக்கு இரண்டு வாரம் இருக்கிறது. போலே லா, முடியும், என்று அவர் தாமே பதிலும் சொல்லிக்கொண்டார்.

வீட்டில் அண்ணி சாந்தினியிடம் பெயிண்ட் கறை எப்படிப் போகும் என்று கேட்கப்போய், விஷயம் முழுவதும் வெளியே வந்துவிட்டது. படியில் நடந்ததை மட்டும் சொல்லவில்லை. சாந்தினிக்குச் சொல்லாமலே பாதி தெரியும். அந்த வீட்டில் விக்னேஸ்வரனுக்குப் பெயர் 'வேன்காரர்'. மழை நாளில் குழுவின் வேனில் அவளைக் கொண்டுவந்து முச்சந்தியில் இறக்கிவிடுவார். வீட்டு வாசல் வரை வரமாட்டார்.

"எழுதிக் குடுத்துட்டா அப்புறம் ஒன்ன எதுக்குக் கூப்புடப் போறாங்க?" என்றாள் சாந்தினி. "மண்டையிலயே வெச்சுக்க. இல்லன்னா பத்துப் பலகைய மாத்தி எழுதிவிடு. தலைகீழா நின்னு போட்டுப் பாத்துட்டு, போன் அடிச்சுக் கெஞ்சட்டும்."

"பாவம் லா அண்ணி."

"யாரு பாவம்? நீயா, பலகையா?"

புஷ்பலதா ஒரு நாளைக்கு இருபது பலகை எழுதினாள். மேடைக்குப் பின்னால் உட்கார்ந்து, உள்ளங்கை அகலத்துக்கு, குழந்தை பார்த்தாலும் தெரிகிற மாதிரி. ஒன்பதில் நாலுக்கு அடியில் எண்ணோடு ஒரு பெருக்கல் குறியும் போட்டாள், செத்த பலகை என்று தெரிவதற்காக. நாலாம் நிரை ஏழாவதுக்கு வந்தபோது, ரசப்பானை வட்டத்தைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஏழாம் நிரை நாலு என்று எழுதினாள். எழுதிவிட்டு வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் காலை, அரங்கம் திறக்கிற நேரத்துக்கு முன்னாலேயே வந்து வாசலில் நின்றாள். ஏழாம் நிரைப் பலகை ஓரம் மெலிந்தது. நாலாம் நிரைப் பலகை தடித்தது. மாற்றிப் போட்டால் கண்ணுக்குத் தெரியாத ஒரு மேடு நிற்கும். ஓடிவருகிற பிள்ளையின் முட்டிக்கு அது போதும். சவர பிளேடால் சுரண்டி, துடைத்து, சரியாக எழுதினாள். அதற்குப் பிறகு எதையும் மாற்றி எழுத நினைக்கவில்லை.

கடைசி ஆட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். எந்நாளும் பாதி காலியாகக் கிடக்கிற இருக்கைகள் அன்று நிறைந்துவிட்டன. ஒன்பது வருஷமாகக் குழு தோற்றபோதெல்லாம் திட்டிவிட்டுப் போனவர்கள், குடும்பத்தோடு வந்து உட்கார்ந்திருந்தார்கள். பவித்ரன் அன்று யாரையும் சுற்றிப் போகவில்லை. நேராக உள்ளே புகுந்து புகுந்து போட்டான். மூன்று புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தார்கள். மணி அடித்த பிறகும் யாரும் எழுந்து போகவில்லை. செனகல்காரன் தரையில் முழங்காலிட்டுப் பலகையைத் தொட்டுக் கும்பிட்டான். லியூ மேசைக்குப் பின்னால் போய் மூக்கைச் சிந்தினார்.

புஷ்பலதாவுக்கு அதெல்லாம் பாதிதான் கண்ணில் பட்டது. அவளுக்கு முன்னால் ஐம்பத்தோரு பலகை இருந்தது. ஐம்பத்தோரு தடவை அவர் எதிரில் இருப்பார். 'நான் வாரேன்.' இரண்டே சொல். அதைத்தான் அவள் இரண்டு நாளாக மாப் பிடித்துக்கொண்டும் சோறு வடித்துக்கொண்டும் சொல்லிப் பார்த்திருந்தாள்.

பலகை கையில் இருக்கும்போது சொல்ல முடியவில்லை. இப்போது அவர் படி ஏறவேண்டும், அதுவும் பின்பக்கமாக. அவள் கண்ணை எடுத்தால் அவர் மல்லாந்து விழுவார். கை காலியாகத் திரும்பும்போது சொல்லலாம் என்றால், அவர் மாயாண்டியோடு நடந்தார். பின்வாசலில் மூவார் லாரிக்காரன் எஞ்சினை நிறுத்தாமலே வைத்துக்கொண்டு ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான். முப்பது ஆயிற்று. நாற்பது ஆயிற்று. கடைசியாக, கடைசி நிரையின் மஞ்சள் கறைப் பலகை. அதையும் ஏற்றினார்கள். படுதாவை இழுத்துக் கட்டினார்கள்.

விக்னேஸ்வரன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அவள் எதிரில் வந்து நின்றார். ஏதோ சொல்ல வந்தவர் மாதிரித்தான் இருந்தது.

"சரி புஷ்பா. போயிட்டு வாரேன்."

"ம்," என்றாள்.

அதற்குப் பிறகு அரங்கத்தில் வெறும் சிமெண்டுத் தரை. பச்சைக் கோடு போட்ட பூப்பந்துக் களம். பலகை அடுக்கியிருந்த ஸ்டோரில் கல்யாணக்காரர்கள் நாற்காலி வைத்தார்கள். அவள் காலையில் கூட்டுவாள், பிற்பகலில் துடைப்பாள். மூன்று படியையும் துடைக்கும்போது கை நடுப்படியிலேயே நின்றுவிடும். இரண்டு பேர் மேசை தூக்கிக்கொண்டு வந்தால், யார் என்றுகூடப் பார்க்காமல் அவள் வாய் 'படி' என்று சொல்லிவிடும். அவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அவள் வேறு பக்கம் போய்விடுவாள்.

மூன்றாம் வாரம், புதன்கிழமை சாயங்காலம், போன் அடித்தது. விக்னேஸ்வரன். ஒன்பது வருஷத்தில் வேன் எங்கே நிற்கிறது என்று சொல்வதற்குத் தவிர அவர் போன் செய்ததில்லை.

"நாலாம் நிரை ஏழாவது பலகை எது புஷ்பா?"

லாரியில் மழை பட்டு எண் அழிந்துவிட்டது என்று நினைத்தாள். ரசப்பானை வட்டம் போட்டது என்றாள், வட்டம் சுவர்ப்பக்கம் பார்க்கவேண்டும் என்றாள். அவர் சரி என்றார். பிறகு பதின்மூன்றாம் நிரை. பிறகு ஆறு. பத்துப் பலகைக்கு மேல் கேட்டார். அவள் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொன்னாள். அந்தப் பக்கம் பந்து தட்டுகிற சத்தம் கேட்டது. அடுத்த புதனும் கேட்டார். வேறு பத்து.

அதற்கு இரண்டு நாள் கழித்து லியூ, அரங்கத்தில் விட்டுப்போன பரிசுக் கோப்பைகளை எடுக்க வந்தார். புஷ்பாவைப் பார்த்ததும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். அந்தப் பெயிண்ட் எழுத்து எவ்வளவு தெளிவு, ஒரு எண்கூட அழியவில்லை, மூவார்ப் பையன்கள் யாரையும் கேட்காமல் இரண்டு மணிநேரத்தில் தரையைப் போட்டுவிடுகிறார்கள், விக்கிக்கு நின்று பார்க்கிற வேலைதான் என்றார்.

புஷ்பலதா கையிலிருந்த துணியைப் பிழிந்தாள். தண்ணீர் வருவது நின்ற பிறகும் பிழிந்துகொண்டிருந்தாள்.

அடுத்த புதன்கிழமை போன் வந்தபோது அவள் வீட்டுக்குப் பின்னால் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். விக்னேஸ்வரன் பதினைந்தாம் நிரையைக் கேட்டார். அவள் சொன்னாள். எட்டாம் நிரையைக் கேட்டார். சொன்னாள். மூன்றாவதாக அவர் கேட்பதற்கு முன்னால் அவள் கேட்டாள்.

"அங்க படி இருக்கா?"

"எங்க?"

"அரங்கத்துல. ஸ்டோருலேருந்து வர்ற வழியில."

"இல்ல. எல்லாம் சமந்தான். வண்டியிலயே வெச்சுத் தள்ளிக்கிட்டு வந்துரலாம்."

"அப்ப தூக்குற வேலையே இல்ல."

"இல்ல," என்றார் அவர். பிறகு, "அன்னைக்கே தெரியும். லியூ போட்டோ காட்டுனாரு," என்றார்.

கொடியில் பாதி விரித்த போர்வை காற்றில் வந்து அவள் முகத்தில் அடித்தது. ஒதுக்கிவிட்டு, இரண்டு கையாலும் போனைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்படின்னா என்ன எதுக்குக் கேட்டீங்க?"

அந்தப் பக்கம் பந்துச் சத்தம் குறைந்தது. அவர் எங்கோ வெளியே நடந்து வருகிறார் என்று தெரிந்தது. கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

"பலகைக்காகக் கேக்கல புஷ்பா. கை சும்மா இருக்கும்போது கேக்கணும்னு நாலு நாளா நெனச்சேன். வாய் வரல. அதைத் தூக்குனப்பதான் வந்துச்சு."

"ஒரு சாண்தான் இருந்துச்சு, படிக்கு," என்றாள் அவள். "நான் வேற என்ன சொல்லியிருந்தாலும் விழுந்திருப்பீங்க. மேல பலகையும் விழுந்திருக்கும்."

அவர் சிரித்தாரா, மூச்சு விட்டாரா என்று தெரியவில்லை.

"வேணாங்கறதுக்குத்தான் அப்படிச் சொன்னேன்னு நெனச்சீங்களா?"

"ஆமா."

"வேணாம்னா வேணாம்னு சொல்லியிருப்பேன்," என்றாள். அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. இவ்வளவு நீளமாக அவரிடம் பேசி அவள் பழகியதில்லை. "சனிக்கிழமை அங்க ஆட்டம் இருக்குல்ல? வாரேன். வந்து பாத்துட்டு, அப்புறம் மத்ததப் பேசுவோம்."

"பஸ் ஸ்டாண்டுல நிக்கிறேன்," என்றார் விக்னேஸ்வரன். பிறகு யாரோ அவரை அண்ணே என்று கூப்பிட்டார்கள், தொடர்பு போய்விட்டது.

போர்வையை மீண்டும் எடுத்து, ஓரம் பிடித்து, சுருக்கமில்லாமல் கொடியில் போட்டாள். சமையலறை ஜன்னலில் சாந்தினி நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை.

"யாரு போன்ல?"

"விக்னேஸ்வரன்."

அந்தப் பெயரை அந்த வீட்டில் அவள் அதுவரை சொன்னதில்லை. சாந்தினி அடுப்பைச் சின்னதாக்கிவிட்டுத் திரும்ப ஜன்னலுக்கு வந்தாள்.

"என்னவாம்?"

"சனிக்கிழமை மூவாருக்குப் போறேன் அண்ணி. ஆட்டம் பாக்க."

சாந்தினி கரண்டியால் ஜன்னல் கம்பியை இரண்டு தட்டுத் தட்டினாள்.

"ஒங்க அண்ணன்கிட்ட நான் சொல்லிக்கிறேன்," என்றாள். "அந்தக் கத்தரிப்பூ கலர் சேலையக் கட்டிக்க. பஸ்ஸுல அவ்வளவு நேரம் உக்காந்தாலும் கசங்காது."